இயற்பியலும் தள்ளியது, உயிரியலும் தள்ளியது: சமநிலையற்ற அமைப்புகளுக்கு ஆய்வு நிதி கேட்பது எப்படி?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பணியில் சேர்ந்து மூன்று ஆண்டு, முனைவர் பட்டம் வாங்கி ஏழு ஆண்டு. என் துறை புள்ளியியல் இயற்பியல். பெங்களூருவில் செல் உயிரியல் ஆய்வகம் நடத்தும் தோழியுடன் சேர்ந்து, கைனெசின் மோட்டார் புரதமும் நுண்குழல்களும் கலந்த கூழில் ஆற்றல் எப்படிச் செலவாகிறது என்று ஆராய முன்மொழிவு எழுதினோம். கோட்பாடு, சோதனைக்குழாய், உயிருள்ள செல் என்று மூன்று நோக்கங்கள். இயற்பியல் குழு, "பெரும்பாலும் உயிரியல் பரிசோதனை, இயற்பியல் புதுமை தெளிவாக இல்லை" என்று தள்ளியது. அதையே உயிரியல் குழுவுக்கு அனுப்பினோம். "மாதிரி அமைப்பு மட்டுமே, உயிரியல் முக்கியத்துவம் காட்டப்படவில்லை" என்று பதில் வந்தது. இனி எங்கே விண்ணப்பிப்பது? எவ்வளவு கேட்பது? எங்களைப் போன்ற கல்லூரி வெளிநாட்டு நிதி கேட்கலாமா? முன்மொழிவின் முதல் ஐந்து பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு,

இரண்டு குழுக்களும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசியதாக நினைக்கிறீர்கள். முன்மொழிவைப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் ஒரே குறையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: எந்த அளவீட்டைச் செய்தால் எந்தக் கேள்வி தீரும் என்பது ஐந்து பக்கத்திலும் இல்லை. "உயிர் என்பதே சமநிலையின்மை" என்று தொடங்கி, "பொதுவான கோட்பாட்டை உருவாக்குவோம்" என்று முடிகிறது முதல் பக்கம். ஒரு எண்கூட அதில் கிடையாது. அதனால் இயற்பியல்காரர் கண்ணுக்குப் புரதச் சுத்திகரிப்பு மட்டும் தெரிந்தது, உயிரியல்காரர் கண்ணுக்குச் சமன்பாடு மட்டும் தெரிந்தது. இரு துறைக்கும் பொதுவான முன்மொழிவு இப்படித்தான் ரெண்டுங்கெட்டானாகிறது. எனவே இடம் தேடுவதற்கு முன்னால் கேள்வியைச் சரிசெய்யுங்கள்.

முதல் பக்கத்தில் என்ன எண்கள் வரலாம்? செல்லுக்குள் உள்ள நிலையில், செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று சிதையும்போது கிடைப்பது ஏறத்தாழ 20 கேபிடி (வெப்ப அதிர்வின் ஆற்றல் அலகு) ஆற்றல். அறை வெப்பநிலையில் ஒரு கேபிடி என்பது 4.1 பைக்கோநியூட்டன் நானோமீட்டர். அப்படியானால் கையிருப்பு சுமார் 80. ஒரு கைனெசின் ஒரு ஏடிபிக்கு ஓர் அடி வைக்கிறது. அந்த அடி 8 நானோமீட்டர். எதிர்விசை 6 பைக்கோநியூட்டனைத் தொடும்போதுதான் ஏறக்குறைய நின்றுபோகிறது. பெருக்கினால் 48. அதாவது தனி மோட்டார் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் வேலையாக மாற்ற வல்லது. அதே மோட்டார்கள் கூழில் லட்சக்கணக்கில் சேர்ந்தால், நுண்ணோக்கியில் நாம் பார்க்கும் சுழல்களும் ஓட்டங்களும் மொத்தச் செலவில் மிகமிகச் சிறிய பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் நுண் கலோரிமானியால் இதை ஏற்கெனவே அளந்துவிட்டார்கள். மீதி எங்கே போகிறது, மோட்டாரின் எந்தப் பண்பு அதைத் தீர்மானிக்கிறது? இது இயற்பியல்காரரும் உயிரியல்காரரும் சேராமல் விடை காண முடியாத கேள்வி. இதை நான்கு வரியில் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

உயிரியல் குழுவுக்குப் புரியும்படி கோட்பாட்டைச் சொல்ல வேண்டுமானால் பராட்டோவும் சைஃபெர்ட்டும் 2015இல் வெளியிட்ட வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்ப இயக்கவியல் நிச்சயமின்மைத் தொடர்பு என்று உங்கள் முன்மொழிவில் பெயர் மட்டும் வருகிறது. அது செல்லுக்கு என்ன விலை வைக்கிறது என்று சொல்லவில்லை. நிலையான ஓட்டம் ஒன்றை 10 சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் வைத்திருக்கக் குறைந்தது 200 கேபிடி செலவிட வேண்டும். பத்து ஏடிபி. துல்லியத்தை ஒரு சதவீதமாக்க நினைத்தால் செலவு நூறு மடங்காகும். இப்படி எழுதினால் செல் உயிரியல் படித்தவர் உடனே நிமிர்ந்து உட்கார்வார், ஏனென்றால் ஏடிபிக் கணக்கு அவருக்குத் தினசரிப் புழக்கம். 1974இல் ஹாப்ஃபீல்டு சொன்ன இயக்கவழிப் பிழைதிருத்தமும் இதே குடும்பம்தான்: ரைபோசோம் பத்தாயிரத்தில் ஒரு பிழை என்ற அளவுக்கு வருவது கூடுதல் ஆற்றலைச் செலவிடுவதால். முன்னோடி வேலைகளைப் பட்டியலிடும்போது எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம். 2001இல் தவளையின் உட்காது மயிர்க்கற்றையில் ஏற்ற இறக்க–சிதைவுத் தேற்றம் (சமநிலையில் மட்டும் பொருந்தும் விதி) மீறப்படுவதைக் காட்டியது, 2007இல் ஆக்டின்–மயோசின் வலையில் அதையே காட்டியது, 2012இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் டோஜிக் குழு உருவாக்கிய நுண்குழல் கூழ், 2016இல் கசையிழைகளில் நிகழ்தகவு ஓட்டங்களை அளந்து விரிவான சமநிலை (ஒவ்வொரு மாற்றமும் அதன் எதிர்மாற்றமும் சம அளவில் நடப்பது) முறிவதை நிறுவியது. இந்த நான்கும் போதும். இவற்றில் எதை உங்கள் அளவீடு தாண்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

மூன்றாவது நோக்கமான உயிருள்ள செல்லை எடுத்துவிடுங்கள். மூன்றாண்டுத் திட்டத்தில் அது நடக்காது என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும்; இருந்தால் மற்ற இரண்டின் மீதும் சந்தேகம் வரும். கைனெசின்-5ஐ முதல் நாளிலிருந்தே பயன்படுத்துவதாக எழுதியிருப்பதும் சிக்கல்தான். நான்கு துணையலகுகள் சேர்ந்த முழு நீளப் புரதம் அது. பொதுவாகப் பூச்சி செல்களில்தான் உற்பத்தி செய்கிறார்கள்; ஈ.கோலியில் ஒழுங்காக வருவது அரிது. பூச்சி செல் வளர்ப்புக்கான எந்தச் செலவும் உங்கள் பட்ஜெட்டில் இல்லை. கவனமான ஒரு மதிப்பீட்டாளர் இந்த ஒரு முரண்பாட்டை வைத்தே முழுத் திட்டத்தையும் கீழே இறக்கிவிடுவார். முதல் ஆண்டுக்குப் பழகிய கே401 போதும்: பழ ஈயின் கைனெசின்-1இன் முதல் 401 அமினோ அமிலங்கள், பயோட்டின் ஒட்டுடன், ஈ.கோலியிலேயே கிடைக்கும், ஸ்ட்ரெப்டாவிடின் சேர்த்தால் கொத்தாகிவிடும். கைனெசின்-5ஐ இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளி, தோழியின் ஆய்வகத்தில் பூச்சி செல் வசதி இருப்பதாக அவரிடம் கடிதம் வாங்கி இணையுங்கள்.

அடுத்தது, முன்மொழிவில் நீங்கள் தொடவே தொடாத பகுதி: எது தவறாகும். எந்தக் குழுவாக இருந்தாலும் மதிப்பெண் அதிகம் விழுவது இங்கேதான்.

துகள்களின் பாதைகளைப் படமெடுத்து, அவற்றிலிருந்து என்ட்ரோபி உற்பத்தியைக் கணிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வருவது கீழ்வரம்பு மட்டுமே என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மாறிகளில் நடக்கும் செலவு அந்தக் கணக்கில் வராது. அதோடு, தரவு குறைவாக இருந்தால் இந்தக் கணிப்பு எப்போதும் மேல்பக்கம் சாயும்: முழுச் சமநிலையில் இருக்கும் மாதிரிக்குக்கூட பூஜ்யத்துக்கு மேல் ஓர் எண் வந்து நிற்கும். நுண்ணோக்கித் தட்டு மெல்ல நகர்ந்தாலும் இல்லாத ஓட்டம் இருப்பதாகத் தெரியும். துகளின் இடத்தைக் குறிப்பதில் வரும் இரைச்சலோ எதிர்ப்பக்கம் இழுத்து, உண்மையான மீளாத்தன்மையை மறைக்கும். எனவே மூன்று கட்டுப்பாட்டுச் சோதனைகளை எழுத்தில் வையுங்கள்: அப்பைரேஸ் சேர்த்து ஏடிபியைத் தீர்த்த கூழ், மோட்டாரே இல்லாத நுண்குழல் கரைசல், கண்ணாடியில் ஒட்டி நிற்கும் துகள். மூன்றிலும் வரும் எண்தான் உங்கள் பூஜ்யக் கோடு. "இந்தக் கோட்டுக்கு மேல் இத்தனை மடங்கு வந்தால்தான் ஏற்போம்" என்று மடங்கையும் முன்கூட்டியே குறிப்பிடுங்கள்.

ஏடிபிச் செலவை என்ஏடிஎச் உறிஞ்சல் மூலம் 340 நானோமீட்டரில் அளப்பதாக இருக்கிறது. ஏடிபி மீளாக்கத்துக்கு எப்படியும் பைருவேட் கைனேஸும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸும் சேர்க்கிறீர்கள், கூடவே என்ஏடிஎச் சேர்த்தால் போயிற்று என்ற யோசனை நல்லதுதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். என்ஏடிஎச்சின் மோலார் உறிஞ்சல் கெழு 6220. உங்கள் கண்ணாடி அறையின் தடிமன் 100 மைக்ரோமீட்டர், அதாவது 0.01 சென்டிமீட்டர். ஒரு மில்லிமோலார் முழுக்கத் தீர்ந்தாலும் உறிஞ்சல் மாற்றம் 0.06தான். கூழ் அசைந்துகொண்டே இருக்கையில் அந்த அளவுக்குள் வேகத்தைப் படிப்பது நடக்கிற காரியமில்லை. இதைவிடப் பெரிய சங்கடம், 340–350 நானோமீட்டர் கலங்கல்தான் நுண்குழல் உருவாவதையும் கற்றையாவதையும் அளக்கும் வழக்கமான முறை. கற்றைகள் கலைந்து கூடும்போதெல்லாம் உறிஞ்சல் ஏறி இறங்கும். நீங்கள் அதை ஏடிபிச் செலவு என்று படித்துவிடுவீர்கள். இரண்டு வழி உண்டு. என்ஏடிஎச்சின் ஒளிர்வை அளக்கலாம், 340இல் தூண்டி 460இல் படிப்பது. அல்லது 384 குழித் தட்டில், என்ஏடிஎச் சேர்த்ததும் சேர்க்காததுமாக ஒரே புரதத் தொகுதியிலிருந்து இரட்டை மாதிரி வைத்துக் கழிக்கலாம். எந்த வழியானாலும் அதே தொகுதியை அன்றே நுண்ணோக்கியிலும் பார்க்க வேண்டும் என்பதைச் செயல்முறையில் சேருங்கள். கே401இன் செயல்பாடு தொகுதிக்குத் தொகுதி மாறும்.

தொகுதி என்றதும் இன்னொன்று. டியூபுலினை ஆட்டு மூளையிலிருந்து நீங்களே பிரித்தெடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்திய ஆய்வகங்களில் நடப்பதுதான், செலவும் மிச்சம். ஆனால் அறுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து எடுத்துவர வேண்டும். வழியில் தாமதமானால் விளைச்சல் சரியும், வந்ததும் முழுமையாக இயங்காது. ஒரே முறையில் அதிகமாகத் தயாரித்து, சிறு குப்பிகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து –80 டிகிரியில் சேமித்தால்தான் ஓராண்டுத் தரவை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். உங்கள் கல்லூரியில் அந்த உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா? அதையும் ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் தொகுதிகள் தோழியிடமே இருக்கட்டும், தேவைப்படும்போது உலர்பனியில் வரட்டும். கூழ் மணிக்கணக்கில் ஓடும்போது ஆக்சிஜனை அகற்றச் சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் குளுக்கோனிக் அமிலத்தை உருவாக்கி அமிலத்தன்மையைக் கூட்டுவதையும் மறந்துவிடாதீர்கள். மோட்டார் மெதுவாவது ஏடிபி குறைந்ததாலா, பிஎச் இறங்கியதாலா என்ற கேள்வி கண்டிப்பாக வரும். தாங்கல் கரைசலின் செறிவையும், தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச் பார்ப்பதையும் குறிப்பிட்டால் அந்தக் கேள்விக்கு இடமிருக்காது.

இனி, எங்கே.

ஒரே முன்மொழிவைத் தலைப்பு மாற்றி இரண்டு குழுக்களுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். வேறு எங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று எல்லாப் படிவமும் கேட்கும்; மறைத்தால் வம்பு. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அளவீடும் கோட்பாடும் உங்கள் பெயரில் இயற்பியல் பக்கம் போகட்டும். மோட்டாரின் எந்தப் பகுதி மாறினால் செலவு மாறுகிறது என்ற மரபுமாற்ற வேலை தோழியின் பெயரில் உயிரியல் பக்கம் போகட்டும். ஒன்று கிடைக்காவிட்டாலும் மற்றொன்று தனியே நிற்கும்படி எழுத வேண்டும்.

உள்நாட்டில் இப்போது முதல் வாசல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆய்வு நிதி வழங்கிவந்த சேர்ப் (SERB) வாரியம் அதற்குள் கரைந்துவிட்டது. அதன் பிரதமர் இளம் ஆய்வாளர் நிதி மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வயது வரம்பையும் பணியில் சேர்ந்த தேதிக்கான வரம்பையும் அந்தந்த ஆண்டு அழைப்பில் படித்துவிட்டுத் தொடங்குங்கள், உங்களுக்கு நாள் குறைவு. இது ஒருவர் பெயரில் வாங்கும் நிதி. தோழி ஒத்துழைப்புக் கடிதம் தரலாம், பங்கு கேட்க முடியாது. விண்ணப்பத்தில் துறைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உயிரியலின் கீழ் பல்துறை என்ற பிரிவைப் பார்த்தால் ஆசை வரும். முன்னிறுத்தும் அளவீடு உங்களுடையது, ஆகவே இயற்பியலையே தேர்ந்தெடுங்கள். உயிரியல் மதிப்பீட்டாளர்களின் பெயர்களை, மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைக்கும் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கோட்பாட்டை மட்டும் தனியே எடுத்து அதே அறக்கட்டளையின் மேட்ரிக்ஸ் திட்டத்துக்கும் போடலாம். ஆண்டுக்கு 2 லட்சம், மூன்றாண்டு. தொகை சிறிது, ஆனால் கணினியும் பயணமும் ஆகிவிடும்; கணக்கு வழக்கும் எளிது. கல்லூரி ஆசிரியர்கள் இதை ஏனோ பொருட்படுத்துவதில்லை. தோழிக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடியும், வெல்கம் டிரஸ்டுடன் சேர்ந்து டிபிடி 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸும் இருக்கின்றன. பின்னதில் நலவாழ்வு அல்லது அடிப்படை உயிரியல் பொருத்தம் இல்லாமல் நுழைய முடியாது, அதனால் "கூழ்" என்று தொடங்காமல் செல் பிரிவின்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்க்கோலில் கைனெசின்-5 செய்யும் வேலையிலிருந்து அவர் தொடங்க வேண்டும். பிரான்சில் கூட்டாளி கிடைத்தால் 1987இலிருந்து இயங்கும் இந்திய–பிரெஞ்சு மையமான செஃபிப்ரா நல்ல வழி. ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவின் சினெர்ஜி நிதியும் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம்: இரண்டு முதல் நான்கு பேர், ஆறு ஆண்டு, ஒரு கோடி யூரோ வரை. அது துறையில் பெயர் நாட்டியவர்களின் பந்தயம், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப்பின் உயிருள்ள அமைப்புகளின் இயற்பியல் திட்டம் உங்கள் தலைப்புக்கு அச்சாகப் பொருந்தும், ஆனால் அங்குள்ள நிறுவனம்தான் விண்ணப்பிக்க முடியும்.

உங்கள் தலைப்புக்காகவே ஏற்பட்டது போன்றது ஸ்ட்ராஸ்பூர்கைத் தலைமையிடமாகக் கொண்ட மனித எல்லை அறிவியல் திட்டம், சுருக்கமாக எச்எஃப்எஸ்பி. 1987 வெனிஸ் ஜி7 உச்சிமாநாட்டில் ஜப்பான் முன்வைத்து 1989இல் தொடங்கியது. இந்தியா உறுப்பு நாடு என்பதால் நீங்களே முதன்மை விண்ணப்பதாரராகலாம். இரண்டு முதல் நான்கு பேர் கொண்ட அணிக்கு மூன்றாண்டு நிதி: இருவருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர், மூவருக்கு 4 லட்சம், நால்வருக்கு 5 லட்சம் வரை. எல்லா உறுப்பினரும் தனிப் பொறுப்புக்கு வந்து 5 ஆண்டுக்குள்ளும் முனைவர் பட்டம் பெற்று 10 ஆண்டுக்குள்ளும் இருந்தால் இளம் ஆய்வாளர் பிரிவில் போட்டியிடலாம். உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு அந்தத் தகுதி இருக்கிறது.

ஆனால் நீங்களும் பெங்களூருத் தோழியும் மட்டும் அணியாக முடியாது. அங்கே எதிர்பார்ப்பது வெவ்வேறு நாடுகளில் இருந்து, முடிந்தால் வெவ்வேறு கண்டங்களிலிருந்து, இதற்குமுன் சேர்ந்து வேலை செய்யாதவர்கள். ஒரே நாட்டில் இருவர் இருப்பதும், பழைய கூட்டாளிகள் இருப்பதும் அணியின் பலத்தைக் குறைக்கும். ஆளுக்கொரு கருவியை மேசையில் வைப்பவர்களாக அணியைச் சேருங்கள்: கோட்பாடு நீங்கள், நுண் கலோரிமானி வைத்திருக்கும் ஒருவர், மோட்டார் புரதத்தை வடிவமைக்கும் ஒருவர். முன்னோட்டத் தரவு அங்கே தேவையில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் நீட்சி என்று பட்டால் அதுவே பாதகம். நம் ஊர்க் குழுக்களுக்கு எழுதிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: "எங்களால் முடியும்" என்பதற்குச் சான்று அடுக்கியே பழக்கம். எச்எஃப்எஸ்பி கேட்பது, "இதை நீங்கள் தனித்தனியே ஏன் செய்ய முடியாது?" முதலில் விருப்பக் கடிதம், மார்ச் இறுதி வாக்கில். பெரும்பாலானவை அந்தக் கட்டத்திலேயே கழிந்துவிடும். அழைப்பு வந்தவர்கள் மட்டுமே முழு முன்மொழிவு எழுதுவார்கள். கடிதம் சிறியது, ஆனால் அணி சேர்க்கவே நான்கைந்து மாதம் ஓடிவிடும். அக்டோபரிலேயே ஆள் தேடத் தொடங்குங்கள். பெங்களூருவில் உள்ள கோட்பாட்டு அறிவியலுக்கான சர்வதேச மையம் (ICTS), சென்னை கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் நடக்கும் பட்டறைகளுக்குப் போய்வந்தால் தேடல் சுருங்கும்.

வெளிநாட்டு நிதி என்றால் உடனே எழும் கேள்வி எஃப்சிஆர்ஏ. உங்கள் கல்லூரியை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா, டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கு திறந்திருக்கிறதா என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் வழியில்லை. "எனக்கு வரட்டும், தோழிக்குப் பங்கு அனுப்புகிறேன்" என்ற ஏற்பாடு சட்டப்படி ஓடாது. நிதி தரும் அமைப்பு ஒவ்வொரு உறுப்பினரின் நிறுவனத்துக்கும் நேரடியாக அனுப்புமா என்று விருப்பக் கடிதத்துக்கு முன்பே அவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பதிவே இல்லையென்றால் வெளிநாட்டு நிதியை இப்போதைக்கு மறந்துவிட்டு உள்நாட்டுத் திட்டத்தில் கவனம் வையுங்கள். பதிவு வாங்குவது நிர்வாகத்தின் வேலை, உங்கள் மூன்றாண்டில் அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

பணம் எவ்வளவு கேட்பது என்பதற்கு வருகிறேன். 60 லட்சத்தை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி மாணவர்): முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, மூன்றாம் ஆண்டு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆக 42,000. மூன்றாண்டுக்கு 13.92 லட்சம். வீட்டு வாடகைப்படி 20 சதவீதம் பொருந்தும் ஊரானால் இன்னும் 2.78 லட்சம். ஆக 16.7 லட்சம், 17 என்று வையுங்கள். உங்கள் பட்ஜெட்டில் 31,000 என்ற பழைய விகிதத்தையும் வாடகைப்படி இல்லாமலும் போட்டிருக்கிறீர்கள். 2023 ஜனவரியிலேயே மாறிவிட்டது. ஆள்செலவைக் குறைத்துக் காட்டினால் பிடித்துப்போகும் என்று நினைப்பவர்கள் பிறகு மூன்றாம் ஆண்டுச் சம்பளத்துக்கு ரசாயனப் பணத்தை மாற்றக் கோரி கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கருவிக்கு 22 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். புது நுண்ணோக்கி கேட்டிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். கல்லூரியில் இருக்கும் தலைகீழ் நுண்ணோக்கிக்கு நல்ல எஸ்சிமாஸ் (sCMOS) கேமராவும் எல்இடி ஒளிமூலமும் அதிர்வுத் தடுப்பு மேசையும் கேளுங்கள். விலைப்புள்ளியில் ஜிஎஸ்டி விகிதமும் எச்எஸ்என் குறியீடும் தனியே இருக்கிறதா என்று பாருங்கள். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கிருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலையில் போய்விட்டது. 2025 செப்டம்பரில் விகிதங்கள் மறுபடி மாறின. ஒரே பட்டியலில் இருக்கும் இரண்டு கருவிக்கு இரண்டு விகிதம் வரலாம். வரி சேர்க்காத 20 லட்சத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு, 18 சதவீத வரியோடு 23.6 லட்சம் பில் வந்தால் மீதியை யார் தருவது? நுகர்பொருளுக்கு 12 லட்சம், இதில் நுண்குழலைக் கலையாமல் வைக்கும் ஜிஎம்பிசிபிபி (GMPCPP) இறக்குமதிச் சரக்கு, விலையும் அதிகம், வந்துசேர நாளும் ஆகும். வெளி ஆய்வகக் கருவிக் கட்டணத்துக்கு 4, பயணத்துக்கு 3, சில்லறைச் செலவுக்கு 2. மொத்தம் 60. வெளிக் கருவிகளுக்கு ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடினால் எந்த அரசு நிறுவனத்தில் எந்தக் கருவி என்ன கட்டணத்தில் கிடைக்கும் என்று தெரியும். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்தால் கட்டணத் தொகையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கருவி வாங்கும் ஆணையை முதல் ஆண்டின் முதல் மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். அடுத்த தவணை, செலவுக் கணக்கும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றும் போன பிறகுதான் வரும். மார்ச் 31இல் கருவிப் பணம் செலவாகாமல் கணக்கில் கிடந்தால் இரண்டாம் தவணை தள்ளிப்போகும், அந்தப் பழி ஆராய்ச்சி மாணவரின் சம்பளத்தில் விழும்.

அனுமதிகளில் இரண்டு உங்கள் கோப்பில் இல்லை. மரபுமாற்றம் செய்த ஈ.கோலியில் புரதம் தயாரிக்க நிறுவன உயிரிப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு குழு இல்லாவிட்டால் அந்த வேலை முழுவதும் பெங்களூருவில், தோழியின் நிறுவனக் குழு ஒப்புதலின் கீழ் நடக்கும் என்று எழுதி, ஒப்புதல் எண்ணையும் கொடுங்கள். ஆட்டு மூளை இறைச்சிக்கூடத்திலிருந்து வாங்குவது. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் "இதற்கு அனுமதி தேவையில்லை" என்று ஒரு வரிக் கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

தோழியுடன் ஒரு பக்கத்தில் எழுத்துவழி உடன்பாடும் வேண்டும். யார் எந்தத் தரவுக்குப் பொறுப்பு, முதல் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, உங்கள் மாணவர் ஆண்டுக்கு எத்தனை வாரம் அவர் ஆய்வகத்தில் மேசை முன் நிற்பார், அப்போது தங்கும் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்பவை. மாணவரை இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போதே தோழியை இணை வழிகாட்டியாகச் சேர்க்க உங்கள் பல்கலைக்கழக விதி இடம்தருகிறதா என்று இப்போதே பாருங்கள். சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் ஆராய்ச்சிக் குழு கையை விரித்துவிடும். மாணவர் வெளிநாட்டு ஆய்வகத்தில் ஒரு நுட்பத்தைப் பழகிவர வேண்டுமானால், மூன்று மாதம் வரையான பயணத்துக்கு ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் அறிவியல் பரிமாற்ற நிதி இருக்கிறது. 2016 முதல் இந்தியா அதில் இணை உறுப்பினர்.

திருத்திய முதல் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் அதை இயற்பியல் படிக்காத ஒரு விலங்கியல் ஆசிரியரிடமும் உயிரியல் படிக்காத ஒரு இயற்பியல் ஆசிரியரிடமும் கொடுத்து, "இவர்கள் என்ன அளக்கப் போகிறார்கள்?" என்று ஒரே வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு விடைகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.